நாடி பார்க்கும் வாசகி

‘ராக் தர்பாரி’யில் பெண்களே இல்லை என்பதுதான் அவருடைய முதல் புகார். ஸ்ரீலால் சுக்ல 1968இல் எழுதிய அந்த இந்தி நாவலின் கிராமமான சிவ்பால்கஞ்சில் கல்லூரி உண்டு, கூட்டுறவுச் சங்கம் உண்டு, போலீஸ் ஸ்டேஷன் உண்டு, வைத்தியர் வீட்டில் அரைபடும் பாங்கும் உண்டு. கிணற்றடியிலும் அடுப்படியிலும் இருந்திருக்க வேண்டிய பாதி ஊரைத்தான் காணோம். பேலா என்று ஒரு பெண்ணின் பெயர் அடிபடுகிறது. சினிமாப் பாட்டு வரிகளை ஒட்டுப்போட்டு எழுதிய ஒரு காதல் கடிதத்தைத் தாண்டி அவள் குரல் காதில் விழுவதில்லை. சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற, இந்தி உலகம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற நாவல். இருக்கட்டுமே, ஊரில் பாதியை விட்டுவிட்டு ஊரைப் பற்றி எழுதியதாகச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

இத்தனை குறை சொல்லும் புத்தகத்தை அவர் இரண்டு முறை படித்திருக்கிறார். இரண்டாவது தடவை படித்தது லங்கட் என்ற நொண்டிக் கிழவனுக்காக. தாசில் அலுவலகத்தில் ஒரு பத்திரத்தின் நகல் வேண்டும் அவனுக்கு. லஞ்சத் தொகையில் பேரம் முறிகிறது. லஞ்சம் கொடுக்காமல் விதிப்படியே வாங்குவேன் என்று அவன் சபதம் செய்கிறான். விதிப்படியே கொடுக்க மாட்டேன் என்று குமாஸ்தாவும் சபதம் செய்கிறான். நாவல் முழுக்க லங்கட் நடந்துகொண்டே இருக்கிறான். நகல் விதிப்படியே அவனுக்குக் கிடைக்காமல் போகிறது. ஓர் அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்கிறார் அவர். அந்த விஷயத்தில் அவர் பேச்சை நம்பலாம். 34 ஆண்டுகள் நாக்பூர் ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து 2022இல் ஓய்வு பெற்றவர்.

ஊர் அம்பாசமுத்திரம். ஆனால் அம்மா கல்யாணமாகி நாக்பூர் வந்தது 1959இல். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தமிழை அம்மாவிடமும் தபாலில் வந்த வாரப் பத்திரிகைகளிடமும் கற்றார். மராத்தியும் இந்தியும் தெருவும் பள்ளியும் கொடுத்தவை. ஆங்கிலம் ஆபீஸ் கொடுத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது வீட்டில் இரண்டே பேர்: 62 வயது மகள், 84 வயது அம்மா.

படித்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் நீளமான ஒரு கணக்கு நோட்டில் பதிகிறார். பழக்க தோஷம், பத்திகள் பார்சல் புத்தகத்தின் பத்திகளேதான்: வந்த தேதி, எடை, சேதம், குறிப்பு. அண்ணன் மகன் பிறந்தநாளுக்குக் கொடுத்த வாழ்க்கை முன்னேற்றப் புத்தகம் ஒன்றுக்கு எதிரே இப்படி இருக்கிறது: எடை 180 கிராம், சேதம், ஒரு மாலைப்பொழுது. குறிப்பு எதுவும் இல்லை.

ஜிம் கார்பெட்டின் ‘மை இந்தியா’வுக்கோ குறிப்பு ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. புலி சுட்ட கார்பெட்டை எல்லோருக்கும் தெரியும். கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில், அகலப் பாதை வண்டியிலிருந்து மீட்டர் பாதை வண்டிக்குச் சரக்கு மாற்றும் காண்டிராக்டராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த கார்பெட்டை அவ்வளவாகத் தெரியாது. 1952இல் வந்த இந்தப் புத்தகத்தில் அவர்தான் இருக்கிறார். மூட்டைக் கணக்கு, கொட்டகை, ஷிஃப்ட், தூசி எல்லாம் பார்சல் ஆபீஸ்காரிக்கு மூக்கில் ஏறுகிறது. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்து கூலியாக வந்து, ஆட்களுக்குத் தலைவனாக உயர்ந்த சமாரி காலராவில் சாகிறான். அவனுக்கு மரியாதை செய்யக் காசியிலிருந்து ஒரு கோயிலின் தலைமைப் பூசாரி வந்து நிற்கிறார். அந்த அத்தியாயத்தை அவரால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

ஆனால் அடுத்த பத்தியிலேயே பேனா நிறம் மாறுகிறது. ரயில்வே கம்பெனி மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடித்தபோது, அரை வயிற்றுச் சாப்பாட்டோடு தன் ஆட்கள் முணுமுணுக்காமல் வேலை செய்ததைக் கார்பெட் விசுவாசம் என்று நெகிழ்ந்து எழுதுகிறார். யூனியன் சந்தா கட்டிய கைக்கு இது விசுவாசமாகப் படவில்லை. சம்பள பாக்கியாகப் படுகிறது. கார்பெட் தானும் பட்டினி கிடந்தார், உண்மை. பணம் வந்ததும் பட்டுவாடா செய்தார், அதுவும் உண்மை. அந்த மூட்டைக்காரர்களில் ஒருவன் எழுதியிருந்தால் அந்த அத்தியாயத்துக்கு என்ன தலைப்பு வைத்திருப்பான் என்பதே அவர் கேள்வி.

அந்த மாதிரி ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அவரிடம் விடை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் நாக்பூர் தீட்சபூமியில் கூடும் கூட்டத்தை வெளியூர்க்காரர்கள் படத்தில் பார்த்திருப்பார்கள். 1956இல் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய இடம். அந்த நாட்களில் அங்கே விற்கும் புத்தகங்களுக்கு அளவில்லை. தலையில் மூட்டையும் காலில் புழுதியுமாக வருபவர்கள் திரும்பும்போது புத்தகத்தோடு போகிறார்கள். அப்படி ஒரு கடையில் வாங்கியதுதான் ஊர்மிளா பவாரின் தன்வரலாறான ‘ஆய்தான்’. 2003இல் மராத்தியில் வந்தது. ஆய்தான் என்றால் மூங்கிலில் முடையும் கூடை, முறம் வகையறா. கொங்கணத்துக் கிராமம் ஒன்றில், கணவனை இழந்த தாய் நாளெல்லாம் குனிந்து கூடை முடைந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அவள் முடைந்ததும் தான் எழுதுவதும் ஒரே நெசவு என்று மகள் நினைக்கிறார்.

இவருக்குப் பிடித்தது அந்த உவமை இல்லை. உவமை யாருக்கும் வரும். தன் சாதியை ஒதுக்கியவர்களைப் பற்றி எழுதும் அதே குரலில், இயக்கத்து ஆண்களைப் பற்றியும், மனைவி மேலே படிப்பதைச் சகிக்க முடியாத கணவனைப் பற்றியும் ஊர்மிளா பவார் எழுதுகிறார். குரல் உயரவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை. மகனைப் பறிகொடுத்த பக்கங்களிலும் வாசகரிடம் இரக்கம் கேட்டுக் கை நீளவில்லை. பிற்பகுதியில் கூட்டங்களும் அமைப்புகளின் பெயர்களும் நெரிசலாக வருவதைச் ‘சேதம்’ பத்தியில் மறக்காமல் குறித்திருக்கிறார்.

வங்காளி தெரியாததால் அந்தப் பக்கத்துப் புத்தகங்கள் தமிழ் வழியாகத்தான் வருகின்றன. நேஷனல் புக் டிரஸ்டும் சாகித்திய அகாதெமியும் மலிவு விலையில் போட்ட மொழிபெயர்ப்புகளுக்கு வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் பட்டிருக்கும் கடன் கொஞ்சநஞ்சமல்ல. சௌரியின் ‘அக்னி நதி’யும் சு. கிருஷ்ணமூர்த்தியின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யும் இல்லாத அலமாரி இல்லை; அட்டை கழன்று போகாத பிரதியும் இல்லை.

துப்பறியும் கதைக்கு அவர் ஆள் பியோம்கேஷ் பக்ஷி. 1993இல் தூர்தர்ஷனில் பாசு சட்டர்ஜி எடுத்த தொடரில் ரஜித் கபூரைப் பார்த்தவர்களுக்கு வேட்டி கட்டிய அந்த முகம் மறக்காது. சரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் தொடங்கி 32 கதைகள் எழுதி முடித்தார். 33வது பாதியில் நிற்கும்போது 1970இல் காலமானார். டிடெக்டிவ் என்ற பட்டமே பியோம்கேஷுக்குப் பிடிக்காது. தன்னைச் ‘சத்தியான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுபவன் என்று சொல்லிக்கொள்பவர். வேடிக்கை என்னவென்றால், தேடிக் கண்டுபிடித்த உண்மையை எல்லாச் சமயத்திலும் அவர் போலீஸிடம் ஒப்படைப்பதில்லை. சுதந்திர நாளையொட்டி நடக்கும் ஒரு கதையில் குற்றவாளியைத் தெரிந்தே விட்டுவிடுகிறார். கண்டுபிடிப்பது ஒரு வேலை, யாரிடம் எப்போது சொல்வது என்பது வேறு வேலை. குற்றக் கதை எழுதுபவர்களில் இந்த இரண்டாவது வேலையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு என்று நோட்டில் எழுதியிருக்கிறார். தேதியைப் பார்த்தால் சென்ற ஆண்டு மழைக்காலம். அப்போது அந்த இரண்டாவது வேலை அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி. வயதையும் உடம்பையும் பார்த்த டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றார். மாதக் கணக்கு ஒன்றையும் சொன்னார். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் சொன்னார். சென்னை அண்ணனும் புனே தம்பியும் அன்று ராத்திரி போனிலேயே முடிவு செய்தார்கள்: அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். வயிற்றில் புண் என்று சொல்லிவிடுவோம். இவர் சரி என்றார்.

அந்தச் சமயத்தில் கையில் இருந்தது கீதாஞ்சலி ஸ்ரீயின் ‘ரேத் சமாதி’. 2018இல் வந்து, டெய்ஸி ராக்வெலின் ஆங்கில மொழிபெயர்ப்பின் மூலம் 2022இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற நாவல். கணவன் இறந்தபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் 80 வயது அம்மா ஒரு நாள் எழுந்து நடக்க ஆரம்பித்து எல்லை தாண்டிப் பாகிஸ்தான் வரைக்கும் போய்விடுகிறாள். முதல் நூறு பக்கங்களில் சொல் விளையாட்டு அவர் பொறுமையைச் சோதித்தது. பின்னால் வேகம் பிடித்ததும், இந்தியில் படித்தால்தான் ருசி என்பதும் உண்மை. ஆனாலும் கட்டில் காலில் பிடித்துக்கொண்டு எழும் சொந்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கிழவி சிறகு முளைத்துப் பறப்பதைப் படிப்பது கஷ்டம். இதில் புத்தகத்தின் குற்றம் ஏதுமில்லை என்று அவரே நோட்டில் சேர்த்திருக்கிறார்.

பிறகு அதுல் கவாண்டேயின் ‘பீயிங் மார்ட்டல்’. 2014இல் வெளியானது. அமெரிக்காவில் அறுவை மருத்துவர். மகாராஷ்டிரத்திலிருந்து போன குடும்பம். மருத்துவக் கல்லூரி சாவைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது என்பதில் தொடங்கி, தானும் ஒரு டாக்டரான தன் தந்தையின் முதுகுத்தண்டில் வளர்ந்த கட்டி வரைக்கும் மறைக்காமல் எழுதுகிறார். நோயாளிக்கு என்ன புரிந்திருக்கிறது, எதற்குப் பயப்படுகிறார், எது முடிந்தால் போதும் என்று நினைக்கிறார் என்று கேட்கச் சொல்கிறார். ஒரு பேராசிரியரின் பதில் அதில் வருகிறது: சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு டி.வி.யில் ஃபுட்பால் பார்க்க முடிந்தால் போதும், உயிரோடு இருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ரயில் டிக்கெட் ஒன்று அடையாளமாகச் செருகியிருக்கிறது.

கவாண்டேயிடமும் அவருக்குச் சண்டை உண்டு. கிராமத்தில் 110 வயதை நெருங்கும்வரை வாழ்ந்த தன் தாத்தாவைப் பற்றி அவர் அழகாக எழுதுகிறார். ராத்திரியில் குதிரையேறி வயலைச் சுற்றிவந்த மனிதர். கடைசியில் பஸ்ஸிலிருந்து விழுந்துதான் இறந்தார். குடும்பம் சூழ்ந்திருந்து பார்த்துக்கொண்டது என்கிறது புத்தகம். குடும்பம் என்றால் யார்? வெந்நீர் போட்டது யார், குளிப்பாட்டியது யார்? அந்தக் கைகளைப் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம். சிவ்பால்கஞ்சில் காணாமல் போனவர்கள் இங்கேயும் காணோம்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. சாயங்காலங்களில் மகள் படிக்க, அம்மா கேட்பாள். இந்த வழக்கத்துக்கு வயது பத்து ஆண்டு இருக்கும். அந்த மாதம் அம்மா கேட்டது ‘ஆரோக்கிய நிகேதனம்’. தாராசங்கர் பந்தோபாத்யாய் 1953இல் எழுதியது, த.நா. குமாரசாமியின் தமிழ். முன்பே ஒரு தடவை கேட்டதுதான். கதை பாதி மறந்துவிட்டது, மறுபடி படி என்றாள் அம்மா. மகளுக்கு மறக்கவில்லை. வேறு புத்தகம் எடுக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்.

மூன்று தலைமுறை வைத்தியக் குடும்பத்தின் கடைசிக் கிழவர் ஜீவன் மஷாய். நாடியைப் பிடித்தால் சாவு வரும் நாளைச் சொல்வார், சொல்லியும் விடுவார். ஊருக்கு வந்த இளம் டாக்டர் பிரத்யோத்துக்கு இது கொடுமையாகப் படுகிறது. பென்சிலின் வந்துவிட்ட காலம். கிழவரின் கணக்கைப் புது மருந்து பொய்யாக்கும் என்பதையும் தாராசங்கர் ஒளிக்கவில்லை. யார் பக்கமும் சாயாமல் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திவைப்பதில்தான் நாவலின் பலம் என்பது இவர் முடிவு. வாலிபக் காதல் கதையைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு வருவது மட்டும் பழைய சினிமா மாதிரி இருக்கிறதாம். மொழிபெயர்ப்பின் வடமொழி வாடையை இப்போதைய வாசகர்கள் குறை சொல்லக்கூடும். அந்த நிதானம் இல்லாவிட்டால் செம்பட்டைக் கூந்தலும் குருட்டுக் கண்ணும் செவிட்டுக் காதுமாக வரும் மரண தேவதையை நம்ப முடியாது என்கிறார்.

ஜீவன் மஷாய் தன் மகனுடைய நாடியையே பிடித்துப் பார்க்கிறார். அவன் பிழைக்க மாட்டான் என்று தெரிகிறது. மனைவியிடம் சொல்லிவிடுகிறார். அந்த இடம் வந்ததும் மகள் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு மேலே படித்தார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“ஏட்டி, நடுவுல எதையோ முழுங்கிட்டியே.”

மகள் திரும்பிப் போய் அந்தப் பக்கங்களைப் படித்தார். முழுவதையும். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: அதுக்கப்புறம் ஆத்தர் பௌ அவன்கிட்ட பேசினாளா? பேசினாள், ஆனால் ஒவ்வொரு பேச்சிலும் முள் இருந்தது என்று மகள் சொன்னார். கதையில் அப்படித்தான் இருக்கிறது. கணவனை அவள் மன்னிக்கவே இல்லை.

மூன்று நாள் கழித்து, அண்ணனையும் தம்பியையும் கேட்காமல், அம்மாவிடம் சொன்னார். காலை ஒன்பது மணி, வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. எத்தனை மாதம் என்று அம்மா கேட்டாள். டாக்டர் சொன்ன கணக்கைச் சொன்னார். கவாண்டே கேட்கச் சொன்னதைத் தன் பாஷையில் கேட்டுப் பார்த்தார். அம்மாவுக்கும் பதில் தயாராக இருந்தது. தன் காலால் கழிப்பறைக்குப் போக வேண்டும், காது கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி குத்த மறுபடி அங்கே கொண்டுபோக வேண்டாம். அம்பாசமுத்திரத்துத் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். அண்ணன் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஓர் அத்தியாயம் படித்தார். தமிழ் வாசிப்பு திக்கியது, அம்மா திருத்தினாள்.

‘ஆரோக்கிய நிகேதன’த்தின் முடிவில் கிழவர் தன் நாடியையே கவனித்தபடி, சாவு வரும் காலடி கேட்கிறதா என்று காத்திருக்கிறார். நோட்டில் அந்தப் புத்தகத்துக்கு எதிரே தேதி இருக்கிறது, எடை இருக்கிறது. குறிப்பு ஒரு வரி: சொன்னது சரியா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டுக் கூடவே இருந்தது சரி. இது ஜீவன் மஷாயைப் பற்றியதா, யாரைப் பற்றியது என்று அவர் விளக்குவதில்லை.

அதன்பின் வைத்தியர் வரும் புத்தகமே வேண்டாம் என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். ஆகவே மறுபடி கார்பெட், இந்த முறை புலிகள். தி.ஜ.ர. தமிழில் தந்த ‘குமாயுன் புலிகள்’. 1907இல் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கணக்கு நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 உயிர். யாரோ முன்பு சுட்டதில் அதன் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர் பக்கம் வந்தது. இதை மறைக்காமல் எழுதியதற்காகவே கார்பெட்டுக்குச் சம்பள பாக்கி விவகாரத்தைப் பாதி மன்னிக்கலாம் என்பது மகளின் கருத்து. அம்மா முழுக்கப் புலியின் கட்சி. பல்லை உடைத்தவனை யாராவது தேடினார்களா என்று கேட்கிறாள்.

அடுத்தது ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை. எட்டு வருஷம் ஊரை நடுங்கவைத்து 125 பேரைத் தின்றது. ஆங்கிலப் பிரதிதான் வீட்டில் இருக்கிறது. மகள் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். ராத்திரி இருட்டில் கார்பெட் மரத்தின் மேல் காத்துக் கிடக்கும் அத்தியாயங்களை விளக்கணைத்துவிட்டுச் சொல்லும்படி அம்மா கேட்டிருக்கிறாள். அதற்காக மகள் அந்தப் பக்கங்களை முன்கூட்டியே படித்து மனதில் ஏற்றிக்கொள்கிறார். நாளைக்குப் பத்துப் பக்கம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.